எட்டு வண்டிகளுக்குப் பின்னால்

கன்டெய்னர் கதவைத் திறந்ததும் ரப்பரும் கிரீசும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்பது ஸ்கூட்டர்கள். ஒன்றோடொன்று உரசாமல் இருக்கப் பழைய டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். 2019 ஜூன் கடைசி வாரம், மொம்பாசா துறைமுகம். இங்கே இருந்து கேப் டவுன் வரைக்கும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பத்து இஞ்சுச் சக்கரத்தில் போகப்போகிறோம். எட்டு வண்டிகளில் ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள். ஒன்பதாவது வண்டி எனக்கு. நான் அந்தக் குழுவின் மெக்கானிக்.

திருச்சி பாலக்கரையில் என் பட்டறை. பதினாலு வயதில் தாய்மாமாவிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். அப்போது பட்டறை வாசலில் காலை எட்டு மணிக்கே சேடக்கும் எல்.எம்.எல். வெஸ்பாவும் வரிசையில் நிற்கும். பஜாஜ் ஸ்கூட்டரை விட்டுவிட்டு பைக் பக்கம் போனதும், கான்பூர் எல்.எம்.எல். தொழிற்சாலை மூடியதும் எங்களுக்குச் சோற்றில் கை வைத்த மாதிரி இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக பைக்குக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. பழைய ஸ்கூட்டரைப் பிரித்து, தகரம் தட்டி, பெயின்ட் அடித்துப் புதுசாக்கிக் கொடுக்கும் வேலை மெல்ல வர ஆரம்பித்தது. எல்.எம்.எல். பாகங்கள் பெரும்பாலும் வெஸ்பா பி.எக்ஸ். வண்டிக்கு அப்படியே பொருந்தும் என்பதால் வெளிநாட்டில் இருந்தும் ஆள் தேடி வந்தார்கள். அப்படிப் பாகம் வாங்க வந்து பழக்கமான இத்தாலிக்காரர்தான் இந்தப் பயணத்தின் தலைவர். "நீ வந்தால் நாங்கள் போவோம்" என்றார். டிக்கெட்டும் தினக்கூலியும் அவர் பொறுப்பு.

என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "பட்டறையை யாரு தொறக்கிறது?" கூட வேலை பார்க்கும் பையனிடம் சாவியைக் கொடுத்தேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சென்னைக்குப் போய் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட வேண்டும். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே தனியாக வைத்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச லைசென்ஸ். வண்டிகளுக்கு 'கார்னே' என்று ஒரு புத்தகம் உண்டு, வண்டியின் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எல்லையிலும் உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. ஒன்று விட்டுப்போனாலும் வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கணக்காகி, கட்டின பிணைத்தொகை போய்விடும்.

இந்த மாதிரிக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது வழியைப் பற்றி, விசாவைப் பற்றி. நான் முதலில் கேட்டது ஸ்பேர் பாகங்களைப் பற்றி. துணைக்கு வேன் கிடையாது என்றார்கள். அப்படியானால் பாகங்களை ஒன்பது வண்டிக்கும் பிரித்துக் கொடுப்போம் என்றேன். ஒரு வண்டியில் சிலிண்டர், பிஸ்டன் செட். இன்னொன்றில் கிளட்ச் பிளேட். மூன்றாவதில் சி.டி.ஐ., காயில். நாலாவதில் கேபிள்கள், பேரிங், ஆயில் சீல். என்னிடம் டூல்ஸ். இப்படிப் பிரித்தால் ஒருவர் சாமான் எல்லாருக்கும் வேண்டும். யாரும் தன் போக்கில் முன்னால் பறந்துவிட முடியாது. சுமையை இடப்பக்கமாகக் கட்டச் சொன்னேன். பி.எக்ஸ். வண்டியில் இன்ஜின் வலப்பக்கம் தொங்குகிறது. இடப்பக்கம் ஸ்டெப்னி இருந்தாலும் வலப்பக்கம் இன்னும் ஒரு கிலோ கூட ஏற்றக்கூடாது.

ஆப்பிரிக்காவுக்கு ஸ்கூட்டரா என்று மொம்பாசாவில் கேட்காத ஆள் இல்லை. 1980 பாரிஸ்–டக்கார் ராலியிலேயே வெஸ்பா ஓடி முடித்திருக்கிறது. அதை விட எனக்கு நம்பிக்கை கொடுத்தது அந்த வண்டியின் சக்கரம். 1946இல் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமான இன்ஜினியர். விமானத்தின் இறங்குசக்கரம் போல ஒரு பக்கம் மட்டும் பிடித்த அச்சு. கார் சக்கரம் மாதிரி ஐந்து நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டெப்னி மூன்றும் ஒன்றே. பஞ்சரானால் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு, டியூபை இரவு தங்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ரிம் இரண்டாகப் பிரியும் வகை. ஒன்றே ஒன்று ஞாபகம் வேண்டும்: ரிம்மைப் பிரிக்கும் முன்னால் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். இறக்காமல் பிரித்துக் கட்டைவிரல் போனவரை எனக்குத் தெரியும்.

மொம்பாசாவில் இருந்து வோய், அங்கே இருந்து டவேட்டா எல்லை, டான்சானியாவுக்குள் மோஷி, அரூஷா. கிளிமஞ்சாரோ இரண்டு நாளும் மேகத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. தலைவர் முன்னால், மற்றவர்கள் அவரவர் இஷ்டப்படி நடுவில், நான் கடைசி. வேகம் மணிக்கு 55 என்று பேச்சு. ஒரு நாளைக்கு 200, 250 கிலோமீட்டர்.

கடைசி வண்டியில் போவதற்கு என் காது பழக நாலு நாள் ஆனது. பட்டறையில் வண்டி நம்மைத் தேடி வரும். ஸ்டாண்டு போட்டு, உதைத்து, ஐடிலிங்கில் சத்தம் கேட்போம். ஓடும் வண்டியைப் பின்னால் இருந்து கேட்பது வேறு வித்தை. எதிர்க்காற்றில் சத்தம் நம் பக்கமாக வரும், பின்காற்றில் வராது. அப்போது சைலன்சர் புகையைப் பார்க்க வேண்டும். நீலம் அதிகமானால் ஆயில் அதிகம். புகையே இல்லாவிட்டால் அதுதான் கவலை. ஒரு வாரத்தில் கண்ணை மூடினாலும் எட்டு இன்ஜினும் தனித்தனியாகக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு முன்னால் எப்போதும் போனவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அறுபது வயதுக்கு மேல். கிரீம் கலர் வண்டி. எங்களுக்குள் பேச ஒழுங்கான ஒரு பாஷை கிடையாது. பாதி ஆங்கிலம், மீதி கை ஜாடை. தினமும் காலையில் பிளக்கைத் தானே கழற்றி என்னிடம் காட்டுவார், ஆஸ்பத்திரியில் நோயாளியின் நாக்கைப் பார்க்கிற மாதிரி. அது சரியான பழக்கம். பிளக் நுனி காபிப் பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே சூடு ஏறுகிறது.

அரூஷா கடல்மட்டத்தில் இருந்து 1,400 மீட்டர் உயரம். உயரம் ஏறினால் காற்று மெலிகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துவாரம்தான் ஜெட். அது மாறாததால் பெட்ரோல் மிஞ்சுகிறது. எல்லா வண்டியும் கறுத்த பிளக்கோடு இருமியது. அரூஷாவில் தங்கிய இரவு ஒன்பது கார்புரேட்டரையும் திறந்து இரண்டு எண் சின்ன ஜெட் போட்டேன். காலையில் வண்டிகள் பட்டு மாதிரி ஓடின. எல்லாரும் பாராட்டினார்கள்.

டொடோமாவில் இருந்து இரிங்கா ஏறத்தாழ 260 கிலோமீட்டர். நல்ல தார். வழியில் ரூவாஹா ஆற்றின் மேல் மட்டேரா அணை. அந்தப் பள்ளத்தாக்கு அரூஷாவில் பாதி உயரம்தான். வெயில் கொதித்தது. ரோட்டின் இரு பக்கமும் பாவோபாப் மரங்கள். ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி என்பார்களே, அதே மரம், இலையில்லாமல் நிற்கிறது. எதிர்க்காற்று. கிரீம் வண்டி முன்னால் போனவர்களை விட்டு ஒரு கிலோமீட்டர் பின்தங்கியது. அதை எட்டிப் பிடிக்க அந்த அம்மா ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்திருந்தார். இருபது நிமிடம் அப்படியே.

சத்தம் மாறியதை முதலில் கேட்டேன். திறந்த தொண்டையில் பாடிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று தொண்டை கட்டுகிற மாதிரி ஓர் இறுக்கம். ஹாரனை அழுத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. அடுத்த நொடி பின் சக்கரம் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொண்டது, வண்டி வாலை ஆட்டியது. முதல் நாளே எல்லாருக்கும் ஒன்று சொல்லி வைத்திருந்தேன்: இடது கை இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல். அவர் கிளட்சைப் பிடித்தார். சக்கரம் விடுபட்டது. ஓரமாக உருண்டு நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

இன்ஜின் ஜாம். தண்ணீர் ஊற்ற விடவில்லை. சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் சிலிண்டர் வெடித்துவிடும். பாவோபாப் நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு பக்கக் கவர், காற்றுக் கவர், சைலன்சர் எல்லாம் கழற்றி, பின் ஷாக் அப்சார்பரின் அடிபோல்ட்டை எடுத்து இன்ஜினைக் கீழே தாழ்த்தினேன். ஹெட்டின் நாலு நட்டு. சிலிண்டரை மெல்ல ஆட்டி ஆட்டி உருவினேன். பிஸ்டனில் சைலன்சர் பக்கமாக நாலு கோடு, நகத்தால் கீறின மாதிரி. அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. மேல் ரிங் காடியில் சிக்கியிருந்தது.

புது பிஸ்டன் செட் ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் மீதி நாலாயிரம் கிலோமீட்டருக்கும் கையில் ஒன்றும் இல்லை. சுவரில் கையைவிட்டுத் தடவிப் பார்த்தேன். அப்பியது மேலோடு இருந்ததே தவிர இரும்பில் பள்ளம் விழவில்லை. பெட்ரோலில் நனைத்த உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து அலுமினியத்தை எடுத்தேன். பிஸ்டனில் எழும்பி நின்ற மேட்டை மட்டும் சன்ன அரத்தால் தொட்டுத் தொட்டுச் சமன் செய்தேன். ரிங்கை நெம்பி விடுவித்து, காடியைச் சுத்தம் செய்து, ஆயில் தடவி மாட்டினேன். அந்த அம்மா முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டும் முன்னாலேயே எது வேண்டுமோ அது கையில் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை வருஷம் நின்ற கை அது. மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது.

அன்று இரவு இரிங்காவில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது. உயரத்துக்குச் சின்ன ஜெட் போட்டவன், பள்ளத்தாக்கில் இறங்கும் முன்னால் பெரிய ஜெட்டை மாற்றியிருக்க வேண்டும். காற்று அடர்த்தியான இடத்தில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வெந்துவிட்டது. கறுத்த பிளக்கைத் துடைத்துப் போட்டுக்கொள்ளலாம். வெளுத்த பிளக் பிஸ்டனைக் காவு வாங்கும். அது தெரிந்தே, வண்டிகள் அழகாக ஓட வேண்டும் என்ற ஆசைக்கு இடம் கொடுத்துவிட்டேன். அன்று இரவே ஒன்பது வண்டிக்கும் பழைய ஜெட்டைப் போட்டேன். கடைசி வரை மாற்றவில்லை.

ஆனால் தப்பு ஜெட்டோடு முடியவில்லை. ஓட்டும் வரிசையிலும் இருந்தது. இதைச் சொன்னபோது தலைவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டான்சானியாவில் ஊருக்கு ஊர் வேகத்தடை. முன்னால் போகிறவர் தடையைத் தாண்டியதும் வேகம் பிடித்துவிடுகிறார். ஒன்பதாவது வண்டி தாண்டும்போது அவர் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார். பத்துத் தடையில் ஐந்து கிலோமீட்டர். முன்னவர் 55இல் போனால் கடைசி ஆள் 70இல் போனால்தான் பிடிக்க முடியும். ஆக, குழுவிலேயே மெதுவான வண்டிதான் குழுவிலேயே வேகமாக ஓட்டப்படுகிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேர் எப்போது நகரும், எப்போது நிற்கும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். அவரைக் கேட்காமல் இழுத்தால் ஆபத்து. இதைப் படம் போட்டு விளக்கினேன்.

மறுநாளில் இருந்து கிரீம் வண்டி இரண்டாவதாக, தலைவருக்கு நேர் பின்னால். அவர் கண்ணாடியில் அந்த விளக்கு தெரிகிற வரைதான் அவர் வேகம். புது வண்டிகளும் இளவட்டங்களும் அதன் பின்னால். நாள் கணக்கில் நாங்கள் இழந்தது ஒன்றுமில்லை. தினமும் மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம்.

இரிங்காவில் இருந்து கிளம்பும்போதே ஆயில் பிரச்சினை. எங்கள் வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ டி ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் தெருவெல்லாம் பைக் டாக்ஸி, அத்தனையும் நாலு ஸ்ட்ரோக். பெட்ரோல் பங்கில் டூ டி ஆயில் என்றால் விழிக்கிறார்கள். கொண்டு வந்தது தீர்ந்துகொண்டிருந்தது. வழி சொன்னவர் இரிங்கா லாட்ஜின் காவல்காரர்: மாஃபிங்கா போங்கள். அங்கே பக்கத்தில் சாவோ ஹில் என்று பெரிய அரசு மரத்தோப்பு. பைன் மரம் வெட்டுகிறவர்கள் ஊர். மரம் அறுக்கும் செயின் ரம்பம் டூ ஸ்ட்ரோக் ஆயிற்றே! ரம்பக் கடையில் லிட்டர் லிட்டராக ஆயில் அடுக்கி வைத்திருந்தார்கள். முப்பது லிட்டர் வாங்கி எல்லார் வண்டியிலும் கட்டினோம்.

மபேயாவில் ஒரு வண்டிக்கு கியர் கேபிள் அறுந்தது. என்னிடம் கேபிள் இருந்தது, ஆனால் நுனியில் பிடிக்கும் பித்தளைக் குண்டு தெறித்து எங்கேயோ போய்விட்டது. ரோட்டோரத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பெரியவர் டி.வி.எஸ். பைக்கின் செயினை மாற்றிக்கொண்டிருந்தார். நம் ஓசூர்க் கம்பெனியின் வண்டி. அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு ஓடுகிறது. சுவாஹிலியில் கைவேலைக்காரரை 'ஃபுண்டி' என்பார்கள். வயதில் மூத்தவரைப் பார்த்தால் முதலில் 'ஷிகாமூ' சொல்ல வேண்டும் என்று வழியில் கற்றுக்கொண்டிருந்தேன். சொன்னேன். 'மராஹாபா' என்று பதில் சொல்லி உட்காரச் சொன்னார். அறுந்த நுனியைக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் ஸ்போக்கின் நிப்பிள் ஒன்றை எடுத்து, நுனியை அறுத்து, நடுவில் குறுக்காகத் துளை போட்டு, சின்னத் திருகு இறக்கிக் கொடுத்தார். பதினைந்து நிமிடம். பட்டறையில் என் மாமா இப்படித்தான் செய்வார். ஸ்பேர் கிடைக்காத காலத்து வித்தை. காசு கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்துவிட்டு, எங்கள் வண்டியின் திறந்த பக்கத்தைக் காட்டி, இன்ஜினைப் பார்க்கலாமா என்று ஜாடையில் கேட்டார். இரண்டு பேரும் அரை மணி நேரம் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிப்பிள் கேப் டவுன் வரை வந்தது.

துண்டுமா எல்லையில் லாரி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம். ஜாம்பியாவில் நாலு நாள் ஒரே மாதிரி: நீளமான ரோடு, ரோட்டோரம் விற்பனைக்கு அடுக்கிய கரி மூட்டைகள், குழி. சீனா உதவியோடு எழுபதுகளில் போட்ட டசாரா ரயில் பாதை அவ்வப்போது பக்கத்தில் வந்து போகும். அந்தக் குழிகளில் ஐந்து டியூப் போனது. காற்று முன்னால் 18, பின்னால் சுமையோடு 36 என்று காலையும் மதியமும் அளந்து வைத்ததால் ரிம் ஒன்றும் வளையவில்லை.

கசுங்குலாவில் ஜாம்பேசி ஆற்றைப் பாண்டூன் படகில் தாண்டினோம். பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிம்பாப்வே எல்லையைத் தொடாமல் இருக்க ஆற்றுக்கு நடுவில் வில்லாக வளைத்திருந்தார்கள். 2021இல் திறந்துவிட்டார்கள், இனிப் போகிறவர்களுக்கு அந்தப் படகு கிடையாது.

போட்ஸ்வானாவில் கசானேயில் இருந்து நாட்டா 300 கிலோமீட்டர். வேலி இல்லாத யானைக்காடு. அன்று ஒன்பது வண்டியும் ஒரே கொத்தாகப் போனோம். பாதி வழியில் தலைவர் கையைத் தூக்கினார். நூறு மீட்டருக்கு முன்னால் யானைகள் ரோட்டைத் தாண்டுகின்றன. இன்ஜினை நிறுத்தினோம். ஆறும் இன்ஜின்களின் 'டிக், டிக்' சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அத்தனை பெரிய பாதம் தாரில் வைத்தும் காலடி கேட்கவில்லை. குட்டி ஒன்று நடு ரோட்டில் நின்றுவிட்டது. முன்னால் போனவை எல்லாம் மறுபக்கத்துப் புதரோரம் நின்றன. கடைசியில் வந்த பெரிய பெண் யானை குட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து, எங்கள் பக்கமாகத் திரும்பி, அது தாண்டும் வரை அப்படியே நின்றது. இருபது நிமிடம். யாரும் கேமராவை எடுக்கவில்லை.

ஆகஸ்டில் கேப் டவுனில் குளிர்காலம், மழை. வண்டிகளை மறுபடி கன்டெய்னரில் ஏற்ற வேண்டும். கப்பலில் ஏற்றும் முன் டேங்கை வடிக்க வேண்டும், பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். எட்டு வண்டியை முடித்துவிட்டுக் கிரீம் வண்டிக்கு வந்தேன். அந்த அம்மா வழக்கம் போல பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். காபிப் பொடி நிறம்.

எனக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சைலன்சரைக் கழற்றி, பிஸ்டனை மெல்லக் கீழே இறக்கி, துவாரத்தில் டார்ச் அடித்தேன். மட்டேராவில் விழுந்த நாலு கோடும் அப்படியே இருந்தன, ஓரம் மழுங்கி, பளபளவென்று. அவரும் குனிந்து பார்த்தார். நான்கு விரலைக் காட்டினார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சைலன்சரை மாட்டி, டேங்கின் அடியில் பாத்திரத்தை வைத்துக் குழாயைத் திறந்தேன்.